குளிரில் உறையும் சூரியகாந்தி

ஜெய்ராம் நாசமாய்ப் போகட்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொண்டதில்லை. சாமிக்கு ஆயிரம் வேலை. எப்போது என் ஞாபகம் வந்து, எப்போது செய்து முடிப்பது? நானே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம்?

என் பெயர் பிரபா. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்களுக்கு முறுக்குக் கடை. அடுப்பு என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்துடையது. கல்லாவும் வாயும் என்னுடையது. அவருக்குப் பேச்சு வராது. வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் எண்ணெய் விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். ஒரு நாள் காய்ந்த எண்ணெயை மறுநாள் தொடமாட்டார். 'சுத்தமான சூரியகாந்தி எண்ணெயில் செய்தது' என்று தமிழிலும் வங்காளத்திலும் போர்டு எழுதி மாட்டியவர் அவர்தான். தினமும் காலையில் சாமி படத்தைத் துடைக்கிறாரோ இல்லையோ, அந்தப் போர்டைத் துடைப்பார். இங்குள்ள தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் அண்ணாச்சி. முப்பது வருஷமாக அவர்கள் வீட்டு வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கல்யாணம் எதுவும் அவர் கைப் பலகாரம் இல்லாமல் நடந்ததில்லை.

உக்ரைனில் சண்டை வந்த வருஷம் எங்கள் கடைக்கும் கேடு வந்தது. நாம் தின்னும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வருவதுதான். கப்பல் நின்றது, எங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பழைய வியாபாரி கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் ஜெய்ராம். சென்னைக்காரன். ஹவுராவில் எண்ணெய் டின் அடைக்கும் யூனிட், நியூ டவுனில் கண்ணாடி வைத்த ஆபீஸ், வாய் நிறைய 'அக்கா, அக்கா'. 'பொற்கதிர்' என்று எண்ணெய்க்குப் பெயர். எங்கள் பேட்டைத் தமிழ்ச் சங்கத்துக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தான், மேடைக்குத் திரை தைத்துக் கொடுத்தான், ஆறே மாதத்தில் முதல் வரிசை நாற்காலி அவனுக்கு. எண்ணெயைக் கையால் தொட்டு நான் பார்க்காத ஒரே எண்ணெய் வியாபாரி அவன்தான். ஆரம்பத்தில் நல்ல எண்ணெய்தான் கொடுத்தான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பிறகு சீதாராமன் சார் வீட்டுக் கல்யாணம் வந்தது. சங்கத் தலைவர், பெரிய வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஸ்னேகாவுக்குத் தை மாதம் முகூர்த்தம். தாம்பூலப் பையில் போட முறுக்கும் தட்டையும் நாங்கள் செய்தோம். அடுப்படிச் சூட்டில் எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது, இரண்டு நாள் முன்னதாகவே செய்து மண்டபத்தில் இறக்கிவிட்டோம். அந்த இரண்டு நாளும் நல்ல குளிர். முகூர்த்தத்தன்று காலையில் பையைப் பிரித்தால் முறுக்கெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கடித்தால் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டுகிறது. சீதாராமனின் மனைவி ஜலஜா மாமி, சம்பந்தி வீட்டார் நடுவில் ஒரு முறுக்கை ஒடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன பன்னீர், முறுக்கா மெழுகுவத்தியா? டால்டால பொரிச்சேளா?"

என் வீட்டுக்காரர் முறுக்கை வாங்கி நக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நான்தான் சொன்னேன், "மாமி, எண்ணெய் ஜெய்ராம் சார்கிட்ட வாங்கினது. அவரே இங்க இருக்காரே, கேளுங்க."

முதல் வரிசையில் பட்டு ஜிப்பாவோடு உட்கார்ந்திருந்தவன் நிதானமாக எழுந்து வந்தான். "நான் குடுத்தது சுத்தமான சூரியகாந்தி மாமி. அதுல இவங்க என்னத்தக் கலந்தாங்களோ, எனக்கெப்படித் தெரியும்? சின்னக் கடை. பாவம், சமாளிக்கணும்ல."

பொய் சொன்னதைக்கூட விடுங்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூடியிருந்த அத்தனை பேரும் அண்ணாச்சி கையால் தின்று வளர்ந்தவர்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பையாக எடுத்து, முறுக்கையெல்லாம் மூட்டையில் திரும்பக் கொட்டினார். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறது, இவர் குனிந்து பை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதோடு அடுப்பையும் விட்டார். காலையில் குளிப்பார், சட்டை மாட்டுவார், பக்கத்து ஏரியை ஒரு சுற்று சுற்றுவார், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் பிழிந்த முறுக்கு எனக்கே பிடிக்கவில்லை. தமிழ் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. பக்கத்து வங்காளிகள் மட்டும் "பௌதி, தாதா எங்கே?" என்று, அண்ணியிடம் அண்ணனை விசாரிக்கிற மாதிரி, கேட்டுக்கொண்டு வந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அந்த மனிதர் மறுபடி அடுப்பு முன்னால் நிற்கவேண்டும், பொய் சொன்ன வாயே அந்தப் பொய்யைத் தின்னவேண்டும். இது இரண்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டாம்.

கல்யாணத்துக்கு வாங்கிய எண்ணெயில் அரை டின் மிச்சம் இருந்தது. அதில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு ராகவன் சார் வீட்டுக்குப் போனேன். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பலில் வரும் எண்ணெயைச் சோதிக்கும் லேபில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். விஷயம் தெரிந்த மனிதர்தான், ஆனால் எதையும் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பிப்பார்.

"சூரியகாந்தி நம்ம ஊர்ச் செடின்னு நெனச்சிட்டிருக்கீங்களா? அமெரிக்காவுல செவ்விந்தியர்கள் வளர்த்தது. மாவரைச்சுத் தின்னாங்க, தலைக்குத் தடவினாங்க. ஸ்பானியர்கள் அழகுக்குன்னு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்த் தோட்டத்துல வெச்சாங்க. அப்புறம் ரஷ்யாவுல..."

"சார், எனக்கு ரஷ்யா வேண்டாம். இந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?"

"வரேன், வரேன். ரஷ்யாவுல நோன்பு நாள்ல வெண்ணெய் கூடாது. இந்தச் செடி புதுசு, தடைப் பட்டியல்லயே இல்ல. அதனால ஊரே இந்த எண்ணெய்க்கு மாறிடுச்சு. ஏக்கர் ஏக்கரா போட்டாங்க. நமக்கு விதை வந்ததே அங்கேருந்து, அறுபதுகளோட கடைசியில..."

நான் எழுந்துவிட்டேன். அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நல்ல சூரியகாந்தி எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அது கண்ணாடி மாதிரி இருக்கும், உறையாது. பாமாயில் கலந்திருந்தால் வெள்ளையாய்த் திரண்டுவிடும். "கலந்தவன் வெயில் காலத்துல மாட்டமாட்டான். குளிர்ல மாட்டிப்பான்," என்றார்.

ஃப்ரிட்ஜில் வைத்தேன். வேறொரு கடையில் வாங்கிய நல்ல எண்ணெயையும் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் நல்லது தண்ணீர் மாதிரி தளும்புகிறது, ஜெய்ராமுடையது வெள்ளைக் கூழாய் நிற்கிறது. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஜலஜா மாமியிடம் ஓடினேன். மாமி பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

"நீயே எதையாவது கலந்து ஊத்திண்டு வந்திருக்கலாமோல்லியோ?" என்றார்.

அதுவும் நியாயம்தானே! என் கையால் கொண்டுபோனால் என் கைக்குத்தான் பழி. அவன் பாட்டில், அவன் லேபிள், அவன் மூடி, அத்தனை பேர் கண் முன்னால் உறைந்து நிற்கவேண்டும். தை போய் மாசி வந்துவிட்டது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சரி, அடுத்த குளிர் வராமலா போகும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்தேன் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஜெய்ராமைக் கண்டால் பல்லைக் காட்டினேன். அவன் எண்ணெயையே டின் டின்னாக வாங்கினேன், வாங்கியதை விளக்குக்கு ஊற்றினேன், கதவுக் கீலுக்கு ஊற்றினேன். சங்கத்து மகளிர் அணியில் சேர்ந்தேன், கோலப்போட்டிக்கு ஓடினேன், மாமிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். "என்ன இருந்தாலும் பிரபா தங்கமான பொம்மனாட்டி" என்று பேர் வாங்கினேன். வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும்.

"விடு புள்ள," என்றார் ஒரு நாள். "இத வெச்சுக்கிட்டு நீ சோறு திங்க மாட்டேங்க."

"நான் நல்லாத்தான் திங்கேன். நீங்கதான் திங்க மாட்டேங்கீங்க," என்றேன்.

கார்த்திகை வாக்கில் சங்கதி தானாக வந்து மடியில் விழுந்தது. பொற்கதிர் எண்ணெயைப் பளிங்கு மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவரப் போகிறான், பொங்கலன்று அறிமுகம். அதுவரை தகர டின்தான், உள்ளே எப்படி இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்தேன்.

"சார், ஒரு யோசனை. ஏரிக்கரை மைதானத்துல சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். அங்கயே உங்க பாட்டில வட்ட வட்டமா அடுக்கி, பெரிய சூரியகாந்திப் பூவா செஞ்சிட்டா? மஞ்சள் எண்ணெய்தான் இதழ். நடுவுல கறுப்பு எள்ளக் கொட்டிருவோம். விடியக்காலம் வெளிச்சம் படும்போது தகதகன்னு இருக்கும்."

ஜெய்ராம் கைதட்டினான். "அக்கா, நீங்க விளம்பரக் கம்பெனி வெச்சிருக்கணும்!"

"காலைல அடுக்க நேரம் இருக்காது, முந்தின நாள் சாயங்காலமே அடுக்கிருவோம்," என்றேன். அவன் அதற்கும் தலையாட்டினான். சென்னையிலிருந்து வந்தவன். குளிர் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் விஷயம் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

பொங்கலன்று விடியற்காலை பதினோரு டிகிரி. ஏரி மேல் பனி கிடந்தது. வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போயிருந்தேன். கையில் நல்ல எண்ணெய் ஒரு பாட்டில், சேலைத் தலைப்புக்குள் மறைத்து. மைதானத்துக்குள் நுழைந்தவுடனே பார்த்துவிட்டேன். அடடா! அந்தப் பெரிய பூவில் ஒரு இதழ் மஞ்சளாக இல்லை. அடியிலிருந்து கழுத்து வரை வெள்ளை. நூற்றுக்கணக்கான பாட்டிலில் கஞ்சி ஊற்றி வைத்த மாதிரி. எனக்குக் குலவை போடவேண்டும் போல இருந்தது.

சனம் கூடிவிட்டது. "என்னாச்சு? கெட்டுப்போச்சா?" என்று முணுமுணுப்பு. ஜெய்ராம் முகத்தில் ஈயாடவில்லை. நான் நேரே மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. போன வருஷம் எங்க முறுக்கு மேல படிஞ்சது இதுதான். இது சூரியகாந்தி இல்ல, பாமாயில். நல்ல எண்ணெய் இப்படி இருக்கும்!" என்று என் பாட்டிலை உயர்த்திக் காட்டினேன். மஞ்சளாக, தெளிவாகத் தளும்பியது.

அத்தனை கண்ணும் என் பாட்டில் மேல். அந்த ஒரு நிமிஷம் நான் ராணி. அதற்குள் அந்தப் படுபாவிக்கு மூச்சு திரும்பிவிட்டது. மைக்கை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினான். சிரித்தான்.

"அக்காவுக்குக் கோவம். பரவால்ல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல தேங்கா எண்ணெய் இருக்குல்ல? இந்தக் குளிருக்கு அது எப்படி இருக்கு?"

"உறைஞ்சிருக்கு!" என்று நாலைந்து குரல்கள்.

"உறையாத தேங்கா எண்ணெய உங்க அம்மா வாங்குவாங்களா?"

"மாட்டா, மாட்டா! கலப்படம்னு திருப்பிக் குடுத்துடுவா," என்றார் ஜலஜா மாமி, பரீட்சைக்குப் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

"அவ்வளவுதாங்க. சுத்தமான எண்ணெய்தான் உறையும். கெமிக்கல் போட்டது எந்தக் குளிர்லயும் உறையாது. அக்கா கையில இருக்கே, அந்த மாதிரி."

பிடித்தார்கள் பாருங்கள் கைதட்டு! தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி வளர்ந்த கூட்டம். குளிர் வந்தால் டப்பாவை வெயிலில் வைத்து உருக்கிக்கொள்ளும் கூட்டம். அவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? முறுக்கில் படிந்தால் கலப்படம், பாட்டிலில் படிந்தால் சுத்தமாம்! நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? சீதாராமன் சார் மட்டும், "ராகவன்கிட்ட கேப்போமே, லேப்ல இருந்தவர்," என்று மைக்கை நீட்டினார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராகவன் சார் மஃப்ளரைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார். "சூரியகாந்தியோட பூர்வீகம் அமெரிக்கா. ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால அங்க இருந்த செவ்விந்தியர்கள்..."

"சார், உறையுமா உறையாதா? அதச் சொல்லுங்க சார்!" என்று நான் அலறினேன்.

"வரேன், வரேன். ஸ்பானியர்கள் அங்க போனப்போ..."

பானை பொங்கிவிட்டது. "பொங்கலோ பொங்கல்!" என்று மைதானமே கத்தியது. தட்டைத் தட்டினார்கள், சங்கு ஊதினார்கள், மைக்கை யாரோ பிடுங்கிப் பாட்டுப் போட்டார்கள். ராகவன் சார் ஸ்பெயினிலேயே நின்றுவிட்டார். வெள்ளைப் பாட்டில்களை ஆளுக்கு இரண்டாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஜலஜா மாமி என் பாட்டிலைப் பார்த்து, "இன்னும் இதையா வெச்சிண்டிருக்கே? கொட்டிடு," என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன், என் வீட்டுக்காரரைக் காணவில்லை. ஏரி ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க நான் அழுதேன். அழுகை என்றால் துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ராகவனைத் திட்டினேன், தேங்காயைத் திட்டினேன், பொங்கிய பானையைத் திட்டினேன். சாயங்காலம் அரிசி களையும்போதுதான் உறைத்தது. அட, இவன் என்ன சொல்லியிருக்கிறான்? 'என் எண்ணெய் உறையும்' என்று ஊரறியச் சொல்லியிருக்கிறான். இதையே எழுத்தில் வாங்கினால்?

பாட்டிலை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தால் அவன் மாட்டுவான், சரி. ஆனால் சங்கத்தில் என்ன சொல்வார்கள்? அவனும் கலந்தான், இவர்களும் கலந்தார்கள் என்பார்கள். என் மனுஷன் மேல் ஒட்டிய கறை போகாது. கல்யாண முறுக்கில் வெள்ளை படிந்தது அவன் எண்ணெயால்தான் என்று அவன் கையாலேயே எழுதவேண்டும். கையெழுத்துப் போடவேண்டும், முத்திரை குத்தவேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு டப்பா ரவா லட்டோடு நியூ டவுன் ஆபீசுக்குப் போனேன். போய் அழுதேன். வராத அழுகையை வரவழைத்தேன்.

"தம்பி, எனக்கு விவரம் பத்தல. பொங்கலன்னிக்கி நீங்க சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. உங்க எண்ணெய் சுத்தம், அதனாலதான் முறுக்குல படிஞ்சிருக்கு. அது தெரியாம நாங்களும் பயந்துட்டோம், ஊரும் எங்களத் தப்பா நெனச்சிருச்சு."

"அதான் அக்கா! பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க," என்றான். லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். விஷம் கலக்காமல் விட்டதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"நீங்க பெரிய மனசு பண்ணி அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா, கடைல மாட்டிக்கிடுவேன். ஜெய்ராம் சாரே சொல்லிட்டாருன்னா எல்லாரும் திரும்ப வருவாங்க. நானும் காலத்துக்கும் உங்ககிட்டயே எண்ணெய் எடுப்பேன்."

அவனுக்கு இதில் நஷ்டம் என்ன? நல்ல பேர்தானே? லெட்டர்ஹெட் எடுத்தான். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதினான்: 'சீதாராமன் இல்லத் திருமணத்துக்குத் திரு. பன்னீர்செல்வம் அவர்கள் பலகாரம் செய்தது எங்கள் பொற்கதிர் எண்ணெயில் மட்டுமே. அதில் அவர் வேறெதையும் கலக்கவில்லை. குளிரில் வெள்ளையாகப் படிவது எங்கள் எண்ணெயின் இயல்பு.' கையெழுத்து, தேதி, முத்திரை. தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சந்தோஷத்தில் என்று அவன் நினைத்தான். நினைத்தது சரிதான்.

எழுந்தவள் வாசலில் நின்று, "தம்பி, எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு. மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா? இத லேபிள்லயே போட்டுருங்களேன்," என்றேன். "சபாஷ் அக்கா!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினான். அந்த மாதம் முடிவதற்குள் லேபிளில் வந்துவிட்டது, தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும்: 'குளிரில் உறையும் தூய சூரியகாந்தி எண்ணெய்'. பஸ் முதுகிலும் ஒட்டினான்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு வங்காளி. கடிதத்துக்கு மொழிபெயர்ப்பு, லேபிள், பாட்டில், மூன்றையும் மேஜையில் வைத்தேன். லேபிளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இருபது வருஷ சர்வீஸில் குற்றத்தை லேபிளில் அச்சடித்து ஒட்டியவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். கடைகளிலிருந்து மூடி திறக்காத பாட்டில்களை எடுத்தார்கள், ஹவுரா யூனிட்டிலிருந்தும் எடுத்தார்கள். பங்குனியில் ஆய்வக முடிவு வந்தது. பாதிக்கு மேல் பாமாயில். யூனிட்டுக்குப் பூட்டு விழுந்தது, பேப்பரிலும் வந்தது.

கடிதத்தைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒரு நாள் காலையில் ஜெய்ராம் வந்தான். காரைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். கடை முன்னால் ஏழெட்டு பேர்.

"அக்கா, அத மட்டும் எடுத்துடுங்க. வக்கீல் சொல்றாரு, அது என் தலைல கல்லு மாதிரி உக்காந்திருக்காம்."

"எது? அதுல என்ன எழுதியிருக்கு? எனக்கு மறந்துபோச்சே. கொஞ்சம் சத்தமாப் படிங்க, கேப்போம்."

படித்தான். எடுத்துவிடுவேன் என்று நம்பித்தான் படித்தான். 'அதில் அவர் வேறெதையும் கலக்கவில்லை' என்ற இடத்தில் குரல் கீழே போனது. சத்தமாக என்றேன். மறுபடி படித்தான். பொய் சொல்வானேன், ஜில்லென்று இருந்தது எனக்கு. "எனக்கும் பொண்ணு இருக்கு அக்கா," என்றான். "நல்லா இருக்கட்டும். கடிதம் சுவத்துலதான் இருக்கும்," என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நடித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரி," என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏங்க, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு? அவன் மண்ணக் கவ்விட்டான். நீங்க நல்லவருன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். எந்திரிச்சு வந்து அடுப்பப் பத்தவைங்களேன்!" என்று கத்தினேன். சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். நான் தின்ற சந்தோஷமெல்லாம் கசந்துவிட்டது. ஒருத்தியாய் நின்று ஒருத்தனைக் கவிழ்த்துவிட்டேன், என் வீட்டு அடுப்பை என்னால் மூட்ட முடியவில்லை.

சித்திரை முதல் நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சீதாராமன் சாரும் ஜலஜா மாமியும் கடைக்கு வந்தார்கள். மாமி சுவரில் இருந்த கடிதத்தை நின்று படித்தார். சார்தான், "பிரபா, வருஷப் பிறப்பு விழாவுக்கு மொத்தப் பலகாரமும் பன்னீர்தான் பண்ணணும்னு கமிட்டில முடிவு பண்ணிருக்கோம். அவர் கைப் பக்குவம் யாருக்கு வரும்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் படுதா விலகியது. என் வீட்டுக்காரர். குளித்து, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. யாரையும் பார்க்காமல் நேரே அடுப்பிடம் போனார். பற்றவைத்தார். ஃப்ரிட்ஜில் வைத்து நான் சோதித்துத் தெளிந்த டின்னைத் திறந்து, இரும்புச் சட்டியில் ஊற்றினார். மாவைத் தொட்டுப் பார்த்தார், துளி தண்ணீர் தெளித்துப் பிசைந்தார், அச்சில் அடைத்தார். பதினாலு மாதம் கழித்து அந்தக் கை வட்டம் சுற்றியது. சட்டி சலசலத்தது. எனக்குக் கண் மறைத்தது.

வாசனை சந்துக்குள் போனதும் ஆள் சேர்ந்துவிட்டது. "தாதா வந்துட்டார்!" என்று எதிர் வீட்டு வங்காளி அம்மா கத்தினாள். முதல் ஈடு ஜல்லிக் கரண்டியில் ஏறியது. எண்ணெய் வடிந்தது. சீதாராமன் சார் சிரித்த முகமாய், உரிமையோடு கையை நீட்டினார். கரண்டி அவர் கையைத் தாண்டிப் போய் எதிர் வீட்டு அம்மா தட்டில் கவிழ்ந்தது. அடுத்தது ரிக்‌ஷாக்காரர் கைக்குப் போனது. அதற்கடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

சாருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. "பன்னீர்... அன்னிக்கு நாங்க யோசிக்காம இருந்துட்டோம். தப்புதான். மன்னிச்சுடுங்கோ," என்றார். ஜலஜா மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அடுப்பைச் சிம்மில் வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பழி பழி என்று நான் ஒருத்தி மட்டும்தான் அலைகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிட்டேன் சார்," என்றார். "அவன் வியாபாரி, பொய் சொன்னான். நீங்கல்லாம் முப்பது வருஷம் என் கையால தின்னவங்க. அதனால மன்னிச்சிட்டேன். ஆனா இனிமே உங்களுக்கு முறுக்கு கிடையாது."

அடுத்த ஈட்டைப் பிழிய ஆரம்பித்தார்.